கடையை விட்டால்தான் சீஷனா?

மலையோரத்தான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடையில் நிற்கிறேன். கடை சித்தப்பாவுடையது, எடை, கணக்கு, பில் எல்லாம் என் கையில். பிறந்தது வளர்ந்தது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற சடங்கு) ஆயிற்று, கொயரில் பாடுகிறேன், ஞாயிறு காலை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சபையில் கேட்டால் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள், எனக்குத்தான் அப்படித் தோன்றவில்லை.

கொஞ்ச காலமாகக் களியக்காவிளையில் ஒரு ஜெபக்குழுவுக்குப் போய்வருகிறேன். பாதிப் பேர் எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, உதியன்குளங்கரை ஆட்கள், ஜெபம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். குழுவை நடத்துகிற அண்ணன் போன வாரம் நேராகவே கேட்டார்: "நீ சும்மா சபைக்குப் போகிறவனா, இல்லை இயேசுவின் சீஷனா, சீடனா? சீஷன் என்றால் பேதுரு வலையை விட்ட மாதிரி கடையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா. முடியாது என்றால் லூக்கா 14:33ஐ இன்னொரு தடவை படி." படித்தேன். தனக்கு உண்டானதை எல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்குச் சீஷனாக இருக்க மாட்டான் என்கிறார் இயேசு. அதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

கடையிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சென்ட் கணக்கில் மரம் வைத்திருப்பவர்கள் ஏழெட்டு ஷீட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அப்போதே ரொக்கம் வேண்டும், அரிசி வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சித்தப்பா ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உள்ளே வெள்ளையாக நிற்கிறது பாரு, காயவில்லை" என்று தரத்தைக் குறைத்துவிடுவார், அப்புறம் ஈரத்துக்கு என்று அரைக் கிலோ, ஒரு கிலோ கழிப்பார். அதே வெள்ளை எஸ்டேட் முதலாளியின் ஷீட்டில் இருந்தால் அது ஆர்எஸ்எஸ் 4 விலைக்கே போய்விடும். (வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆர்எஸ்எஸ் 4 என்பது புகைபோட்ட ஷீட்டின் ஒரு தரம்.) தராசில் அரசாங்க முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. கழிப்பது வாயால்தானே.

இந்த உறுத்தலுக்காகவாவது கடையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் வீட்டில் அம்மா என் சம்பளத்தில்தான் இருக்கிறார், எனக்குப் பெண் பார்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள். முழுக்க ஒப்புக்கொடுத்த சீஷனாக வாழ்வது என்றால் நடைமுறையில் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போக வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.


குழித்துறைக்காரன்:

தம்பி, நீ ரெண்டு கேள்வியைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாய், முதலில் அவிழ்ப்போம். ஊழியத்துக்குப் போக வேண்டுமா என்பது ஒன்று, சாக்கு கட்டிக்கொண்டு வருகிறவனிடம் ஒரு கிலோ கழிக்கலாமா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு யோசிக்க வருஷம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு இந்தச் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அந்த அண்ணன் லூக்கா 14ஐக் காட்டினார், நல்லது, அதே லூக்காவை முன்னும் பின்னும் புரட்டுவோம். 5ஆம் அதிகாரத்தில் லேவி என்கிற ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கிறான், இயேசு கூப்பிட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போகிறான். சரி. 19ஆம் அதிகாரத்தில் சகேயு. அவனும் ஆயக்காரன், லேவியைவிடப் பெரிய ஆள், ஆயக்காரருக்குத் தலைவன். அவனிடம் இயேசு "என் பின்னே வா" என்று சொல்லவே இல்லை, "உன் வீட்டில் தங்க வேண்டும்" என்றார். சகேயுவும் வேலையை விடுகிறேன் என்று சொல்லவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது இருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இயேசு அவனைப் பார்த்து "நீ விசுவாசிதான், இன்னும் சீஷன் ஆகவில்லை" என்று சொன்னாரா? இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். இதற்கும் முன்னால், 3ஆம் அதிகாரத்தில், ஆயக்காரர்கள் வனாந்தரத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவான்ஸ்நானனிடம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வனாந்தரத்துக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்று அனுப்பிவிட்டார், போர்ச்சேவகர்களிடம் யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். எவ்வளவு சப்பென்ற பதில் பாரு. பெரிய மேடையில் இதைச் சொன்னால் ஒருத்தரும் கை தட்ட மாட்டார்கள்.

இன்னொருத்தன் இருக்கிறான், அவனை யாரும் பிரசங்கத்தில் அதிகம் இழுப்பதில்லை. கல்லறைகளில் கிடந்த பிசாசு பிடித்தவன், 8ஆம் அதிகாரம். குணமானதும் உம்மோடுகூட வருகிறேன் என்று கெஞ்சுகிறான். முழுநேரத்துக்குத் தயார்! இயேசு அவனை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஊரில் அவனைக் கண்டாலே ஓடியவர்கள் இருப்பார்கள், அவர்கள் நடுவில் போய்த் தினமும் நிற்பது படகில் ஏறிப் போவதைவிடச் சுலபமா?

அதனால் விடுகிறவனும் சீஷன், இருக்கிறவனும் சீஷன். எல்லாவற்றையும் வெறுப்பது என்றால் எல்லாவற்றையும் விற்பது என்று எடுத்தால் சகேயு பாதியோடு நின்றுவிட்டானே என்று கேட்க வேண்டிவரும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இனிமேல் எதுவும் என்னுடையது இல்லை, அவர் கேட்டால் கொடுக்கணும். உன்னிடம் இப்போது கேட்பது கடையை அல்ல என்று நினைக்கிறேன், அந்த ஒரு கிலோவை.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11 தொடங்குகிறது. வசனம் ஒட்டாதே என்றாய், மன்னித்துக்கொள், இது உன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டிய வசனம். உன் கதையில் முத்திரை போட்ட தராசு இருக்கிறது, ஆளைப் பார்த்து மாறுகிற நிறைகல் இருக்கிறது. முதலாளிக்கு ஒரு கல், சாக்குக்காரனுக்கு ஒரு கல். யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் அழுக்கு உடைக்காரனுக்குத் தரையும் காட்டுவதைத் திட்டுகிறாரே, அதேதான்.

செய்யக்கூடியது: தரத்தை வாங்குவதற்கு முன்னால் ரெண்டு பேருக்கும் ஒரே வெளிச்சத்தில் காட்டு. ஈரக் கழிவு வேண்டுமென்றால் எவ்வளவு என்று பலகையில் எழுதி மாட்டு, பில்லில் தனி வரியாகப் போடு. எழுதிவிட்டால் பாதி அநியாயம் தானாக நின்றுவிடும், எழுத வெட்கமாக இருக்கும்.


கிருபை போதும்:

பிரைஸ் த லார்ட். குழித்துறை பிரதர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதை. சகேயுவைக் காட்டி எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கலாம் என்று சொல்வது மிகவும் வசதி. நானும் முப்பது வயதில் அரசு வேலையை விட்டு வந்தவன். கடையில் இருந்தே சாட்சியாக இருப்பேன் என்று சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, கடைசியில் கடை மட்டும்தான் இருந்தது, சாட்சி காணவில்லை. அந்த ஜெபக்குழு சகோதரனைக் கெட்டவர் மாதிரி ஆக்கிவிட வேண்டாம். அவர் ஒரு வாலிபனின் ஆத்துமாவுக்காகப் பாரப்படுகிறார்.

அப்புறம் இன்னொன்று. தராசு, பில், பலகை எல்லாம் நல்லதுதான், நேர்மையான கடைக்காரர் எந்த மதத்திலும் இருக்கிறார். சீஷனுக்கு என்ன வித்தியாசம்? யோவான் 15: திராட்சச்செடியில் நிலைத்திராத கொடி கனி கொடுக்காது. விடியற்காலை ஜெபமும் வசனமும் இல்லாமல் நீதியாக நடக்கப் பார்த்தால் ரெண்டு வாரம் நடப்பாய், மூன்றாவது வாரம் சித்தப்பா ஒரு சத்தம் போட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவாய். முதலில் உள்ளே வேர், அப்புறம்தான் வெளியே. அழைப்பு உனக்கு இருக்கிறதா என்று உபவாசத்தோடு கேள். உண்டு என்று தெரிந்தால் அம்மாவைக் காரணம் காட்டாதே. இல்லை என்று தெரிந்தால் குற்ற உணர்ச்சியில் யார் இழுத்தாலும் போகாதே, அப்படி வந்தவர்களால் ஊழியத்துக்கும் பாரம்தான்.


பாறசாலை அக்கா:

ஆண்கள் எல்லாரும் கடையைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனான், "எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்" என்று. அதை யாரும் தொடவில்லையே? எல்லைக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் உள்ளவள் நான், கல்யாணமாகி இங்கே வந்து நாளாயிற்று, சபை வாலிபர் கூட்டங்களில் இருந்திருக்கிறேன், சொல்லுகிறேன் கேளுங்கள்.

அர்ப்பணிப்புக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கி முன்னால் போய் முழங்கால்படியிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் சீஷனாக இருக்க முடியாது என்ற வசனத்துக்குக் கண்ணீர் விட்டவர்கள். அதே பையன் வீட்டில் நிச்சயம் பேசும்போது சீதனம் எவ்வளவு, எத்தனை பவன், பெண் பேரில் ரப்பர் எத்தனை சென்ட் என்று கேட்டால், "அது அப்பா அம்மா பேசுகிற விஷயம், அவர்கள் மனதை நோகடிக்கக் கூடாது" என்பான். அங்கே மட்டும் பத்துக் கட்டளையில் ஐந்தாவது ஞாபகம் வந்துவிடும். பெண் வீட்டு ஹாலில் டீயும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்துவிட்டுப் பெரியவர்கள் விலை பேச, மாப்பிள்ளை தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சி இருக்கிறதே, அதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, தொடங்கும் முன் ஜெபம் வேறு பண்ணுவார்கள்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இதற்கு மேலே நம் பழைய திருவிதாங்கூரின் கதையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1916இல் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால் மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், ரெண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் கிடையாது. ஆணும் பெண்ணும் சமமாகப் பிரிக்கிற வழக்கம் இருந்த சில தென்பகுதி சபையாருக்கு விலக்கு இருந்தது, மற்றவர்களுக்கு இதுதான். கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார்; அந்தச் சட்டம் 1951லேயே செல்லாமல் போய்விட்டது, மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1986இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேசியவர்களில் சபைத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைக்கும் கல்யாணம் முடிந்த கையோடு "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்குகிற வீடுகள் உண்டு, அன்போடுதான் வாங்குவார்கள்.

அதனால் தம்பி, நீ சீஷனா என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உனக்குக் கூட்டம் வேண்டாம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நீயே வாயைத் திறந்து, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டோம் என்று சொல். "பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்று வழவழா கொழகொழா வேண்டாம். அது கேட்பதைவிட மோசம், அந்த அப்பா ராத்திரி எல்லாம் கணக்குப் போடுவார். அம்மா அழுவார், அத்தை பேசாமல் இருப்பார், ஊரில் பையனுக்கு ஏதோ குறை என்பார்கள். சிலுவையை அனுதினமும் எடுக்க வேண்டும் என்றாரே, அது இந்த மாதிரிச் சில்லறைச் சத்தங்களாகத்தான் வரும்.

ஜெபம் முக்கியம் என்று கிருபை அண்ணன் சொன்னதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அப்போஸ்தலர் 9இல் யோப்பாவில் தபீத்தாள் செத்துப்போனபோது விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதது அவள் ஜெபித்த நேரக் கணக்கை அல்ல, தைத்துக்கொடுத்த அங்கிகளை. அவளை லூக்கா சீஷி என்றே எழுதுகிறார்.


மலையோரத்தான்:

அக்கா, கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே அருமனை பக்கம் ஒரு வரன் பேச்சு ஓடுகிறது, "அவர்களுக்கு ஒரே பெண்" என்று அம்மா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தச் சந்தோஷத்துக்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் உறைக்கிறது. இன்னொரு கேள்வி. வரன் பார்க்கும்போது முதலில் சபை கேட்கிறார்கள், அடுத்த மூச்சில் சாதி கேட்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை. இதுவும் சீஷத்துவத்தில் சேருமா, இல்லை நான் ரொம்பக் கிளறுகிறேனா?


பழைய வாத்தியார்:

கிளறு, கிளறு. கிளறாமல் விட்டதுதான் பிரச்சினை.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் நான், சரித்திரம் எடுத்தவன், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நம் மண்ணில் சீஷன் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், முதல் பேர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். குளச்சல் போரில் பிடிபட்டு அப்புறம் அதே ராஜாவுக்குப் படை பழக்கிய டச்சுப் படை அதிகாரி டிலனாய் மூலம் கிறிஸ்துவைக் கேள்விப்பட்டு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சிறை, சித்திரவதை, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். கவனி: குருவானவர் இல்லை, துறவி இல்லை, கல்யாணமான அரசு உத்தியோகஸ்தர். ஞானஸ்நானம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு ஓடவும் இல்லை, அரண்மனை வேலையில்தான் தொடர்ந்தார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார் என்பது அவர்மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு என்று திருச்சபை சொல்கிறது.

இப்போது கசப்பான பாதி. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டிய கோயிலில், சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள். ஒரே பீடம், இரண்டு பக்கத்திலிருந்தும் பூசை பார்க்கலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. 1910இல்தான் சுவரை இடித்தார்கள், அதற்கும் வழக்கு, கோர்ட்டு. புராட்டஸ்தாந்துக்காரன் நான், அவர்கள் கதையைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் பக்கம் செங்கல் சுவர் இல்லையே ஒழிய, கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டித் தேர்தலிலும் எது ஓடுகிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கதை மயிலாடியிலிருந்து தொடங்குகிறது. மகராசன் என்று ஒருவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, வேதமாணிக்கம் என்று பேர் பெற்று ஊருக்குத் திரும்பினார். தஞ்சாவூரிலேயே மிஷன் பங்களாவில் இருந்திருக்கலாம். ஊருக்கு வந்து சொந்தக்காரர்களிடம் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கூப்பிட்டுத்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார், 1809இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. அந்த ஜெர்மன்காரர் சம்பளம் வந்ததும் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு குடிசையில் கிடந்தார், போட்டுக்கொள்ள நல்ல கோட்டு இல்லாமலே 1816இல் கப்பல் ஏறினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக அந்தக் கதையில் வீட்டை விட்டு வந்தவரும் இருக்கிறார், வீட்டுக்குத் திரும்பிப் போனவரும் இருக்கிறார், ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒன்றும் நடந்திருக்காது. கிருபை தம்பியும் குழித்துறையும் இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1820களில் தொடங்கி 1859இல் ராஜாவின் உத்தரவு வரும் வரை, மார்பை மறைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்து, மேலே துணி போட்டதற்காகச் சந்தையில் இழுத்துக் கிழிக்கப்பட்ட பெண்கள், அடுத்த சந்தைக்கும் அதே குப்பாயத்தை, அதாவது மேல்சட்டையை, போட்டுக்கொண்டு போனார்கள். உத்தரவு வந்தபோதும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பாட்டிகளில் பல பேருக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. சாமி முன்னால் எல்லாரும் ஒன்று என்றால் சந்தையிலும் ஒன்றுதானே என்று எளிமையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் வரன் விளம்பரத்தில் சபைப் பேருக்குப் பக்கத்தில் சாதிப் பேரை வெட்கமில்லாமல் போடுகிறோம்.

சேருமா என்று கேட்டாய். சேரும். சீதனத்தைவிடக் கஷ்டமான பாடம் இது. சீதனம் வேண்டாம் என்றால் நாலு பேர் புகழ்வார்கள், சாதி வேண்டாம் என்று ஒரு வரனைச் சொல்லிப் பாரு.


கடற்கரை மகன்:

தூத்தூர் பக்கம் நான், கத்தோலிக்கன், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெரிய வசன அறிவு எல்லாம் கிடையாது. எங்கள் ஊர்களில் 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் அடித்து எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்று உங்களுக்குத் தெரியும். கடற்படை வரும், ஹெலிகாப்டர் வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆட்களே திரும்பவும் படகை இறக்கித் தேடப் போனார்கள். அலை அடங்கவில்லை, வீட்டில் பெண்கள் கரையில் நின்று தடுத்தார்கள், போனார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம். பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலப்புழைப் பக்கம் போய் ஆட்களைத் தூக்கினார்கள். நாளொன்றுக்கு 3000 ரூபாய் தருவதாக அரசு சொன்னபோது, காப்பாற்றுவதற்குக் காசா என்று மறுத்தவர்கள் உண்டு.

அவர்களில் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காகப் போகாதவர்களும் இருந்திருப்பார்கள், சாராயம் குடிப்பவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் முழு சீடரா அரை சீடரா என்று எனக்கு அளக்கத் தெரியாது. எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற குழு), பசித்தவனுக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று ஆண்டவர் சொல்கிற மத்தேயு 25 வாசித்த அன்றைக்கு ஒரு பெரியவர் கேட்டார், "அந்தக் கதையில் சரியாகச் செய்தவர்களுக்கே தாங்கள் செய்தது தெரியவில்லையே, எப்போது ஆண்டவரே உம்மைப் பார்த்தோம் என்று கேட்கிறார்களே" என்று. அதோடு எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். தம்பி "நான் சீடனா, நான் சீடனா" என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சாக்கைக் கட்டிக்கொண்டு வருகிறவர் முகம் கண்ணில் படாது. கோபப்படாதே மக்கா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.


மலையோரத்தான்:

கோபம் எல்லாம் இல்லை அண்ணன். எல்லாருக்கும் நன்றி. கடையை இப்போதைக்கு விடப்போவதில்லை. ஜெபக்குழு அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், அவர் முகம் கொஞ்சம் வாடியது, இருந்தாலும் "ஜெபிக்கிறேன்" என்றார். அருமனை வீட்டுக்குப் போகும் முன் அம்மாவிடம் பேச வேண்டும், அக்கா சொன்ன மாதிரி வழவழா இல்லாமல். சாதி விஷயத்தில் என்னால் என்ன முடியும் என்று இன்னும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எழுத மனசு வரவில்லை.

பலகை விஷயம்தான் சிக்கல். குழித்துறை அண்ணன், கடை என்னுடையது இல்லையே. சித்தப்பாவிடம் "நீங்கள் செய்வது அநியாயம்" என்று போய் நின்றால், அப்பா போன பிறகு வளர்த்தவரை எதிர்த்துப் பேசினான் என்று ஆகும். பேசாமல் இருந்தால் பில்லில் என் கையெழுத்து.


குழித்துறைக்காரன்:

எதிர்த்துப் போய் நிற்காதே. தானியேல் என்ன செய்தான்? ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக் கூடாது என்று மனதில் முடிவு பண்ணிவிட்டான், ஆனால் பிரதானிகளின் தலைவன்மேல் பாயவில்லை. அந்த ஆள் ராஜாவுக்குப் பயந்தான், அவன் பயத்தில் நியாயம் உண்டு என்று புரிந்துகொண்டு, மேல்விசாரிப்புக்காரனிடம் போய், மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பத்து நாள் பரீட்சை பண்ணிப் பாரும் என்று கேட்டான்.

உன் சித்தப்பாவுக்கும் ஒரு பயம் இருக்கும். ஈர ஷீட் கிடங்கில் பூஞ்சைக் காளான் பிடித்தால் நஷ்டம் அவருடையது, மேலே வாங்குகிற பெரிய வியாபாரி அவரிடம் கழிப்பான். அதைப் பொய் என்று சொல்லாதே. "கழிக்கிறதைக் கழிப்போம், எல்லாருக்கும் ஒரே கணக்கில் கழிப்போம், பில்லில் எழுதுவோம், ஒரு மாதம் பார்ப்போம், நஷ்டம் வந்தால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாரு. சம்பளத்தை வைத்துப் பேசினால் உபதேசம் பண்ண வந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டார். காலையில் கடை திறந்த உடனே கேட்காதே, கோட்டயத்து ரப்பர் விலை வருகிற நேரத்திலும் கேட்காதே, விலை இறங்கியிருந்தால் உன் கதை முடிந்தது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வெற்றிலை போடுகிற நேரம் பார்த்துக் கேளு. மறுத்துவிட்டால் திரும்ப வந்து எழுது, அடுத்ததை யோசிப்போம்.


பாறசாலை அக்கா:

அம்மாவிடம் பேசுவதைச் சித்தப்பாவுக்கு முன்னால் முடித்துவிடு. அவர் வழியாகத்தான் அருமனை வரனே வந்திருக்கும், என் ஊகம்.


மலையோரத்தான்:

அக்கா, உங்கள் ஊகம் சரி. சித்தப்பா வழியாகத்தான்.